ஹார்ட் போட்டேன், எழுதினவர் பேரப் பாத்தேன், ஹார்ட்ட எடுத்துட்டேன். இதுல என் சொந்தக் கருத்து எங்க இருக்கு?

ரெண்டாவது_பெஞ்ச்:

ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டுப் போறதோட சரி, சொந்தமா போஸ்ட் போடறது இதான் முதல் தடவ. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம போன நோண்டிட்டு இருந்தப்ப ஒரு கட்டுரை கண்ணுல பட்டுச்சு. ஸ்கூல்ல பசங்க போன் வச்சிருக்கவே கூடாது, பைக்குள்ள கூட இருக்கக் கூடாது, கேட்லயே வாங்கி வச்சிடணும்னு. ஷேர் பண்ணவர் ஸ்கிரீன்ஷாட்டா போட்டிருந்தார், அதனால மேல எழுதினவர் பேர் கட் ஆயிடுச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நாலு பாரா படிச்சதும் 'இதத்தானய்யா நானும் சொல்லிட்டிருக்கேன்'னு மனசுல ஓடுச்சு, ஹார்ட்டத் தட்டிட்டேன். அப்பறம் கமெண்ட்ல ஒருத்தர், இது இன்னார் எழுதினதுன்னு பேரப் போட்டிருந்தார். அந்தாளு நாங்க அஞ்சாறு வருஷமா கழுவி ஊத்திட்டிருக்கிற ஆளு. நாங்கன்னா என் ஃப்ரெண்ட்ஸ் க்ரூப், ஒரே அரசியல், ஒரே மாதிரி கோவம், இன்னிக்கு யாரத் திட்றதுன்னு காலைல அங்கதான் முடிவாகும்.

சத்தியமா ரெண்டு செகண்ட் கூட ஆகல, விரல் தானாப் போய் ஹார்ட்ட எடுத்துடுச்சு. அதோட விட்டிருந்தா பரவால்ல. திரும்ப மேலேர்ந்து படிச்சேன், இந்தத் தடவ வரிக்கு வரி ஓட்டை தெரியுது. 'ஒழுங்கு'ன்னு ஒரு வார்த்தை வருது, முதல் தடவ அது உறுத்தவே இல்ல, இப்ப அதப் பாத்ததும் 'பாத்தியா, புத்தி வெளிய வந்துடுச்சு'ன்னு தோணுது. அதே எழுத்து, அதே போன், அதே நான். நடுவுல வந்தது ஒரு பேர் மட்டும்தான்.

அதுலேர்ந்து ஒரே கொடச்சல். ஒரு பேப்பர எடுத்து என் கருத்துன்னு நான் நெனச்சிட்டிருக்கிற விஷயத்த எல்லாம் எழுத உக்காந்தேன், 11 வந்துச்சு. அதுல ஒண்ணு தெரிஞ்சா போதும், மிச்சம் பத்தையும் என்னக் கேக்காமலே யார் வேணா சொல்லிடலாம். வரி போடறதப் பத்தி நான் என்ன நெனக்கிறேன்னு தெரிஞ்சா எந்த நடிகரப் புடிக்காதுங்கிற வரைக்கும் சொல்லிடலாம். இந்த ரெண்டுக்கும் என்ன சம்மந்தம்னு எனக்கே தெரியல.

க்ரூப்ப விட்டு வர இஷ்டமில்ல, அவனுங்க என் உயிரு, ஆஸ்பத்திரில கெடந்தப்ப மாத்தி மாத்தி உக்காந்திருந்தவனுங்க. ஆனா இந்த மண்டைக்குள்ள யோசிக்கிறது நானா அவனுங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? யாராவது இத அனுபவிச்சிருக்கீங்களா? "புக் படி, ஓப்பன் மைண்டோட இரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, ஓப்பன் மைண்டோட இருக்கிறதா நெனச்சிட்டுத்தான் இத்தன வருஷம் இருந்தேன்.

---

சும்மா_ஒருத்தன்:

சிம்பிள் பாஸ், எந்த க்ரூப்லயும் இருக்காதீங்க. நான் நியூஸ் பாக்கறத விட்டு ஆறு வருஷம் ஆச்சு, யாரையும் நம்பறதில்ல, எல்லாப் பயலும் ஃப்ராடு. நிம்மதியா இருக்கேன். அப்பறம் ஆதாரத்தக் காட்டி யாரையும் மாத்த முடியாது, ஆதாரம் காட்டக் காட்ட இன்னும் கெட்டியாத்தான் புடிச்சுப்பாங்க, இத சயின்ஸே ப்ரூவ் பண்ணிடுச்சு. டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.

---

பழைய_லேப்கோட்:

சைக்காலஜி பாடம் எடுக்கிறவ நான், அதனால கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், மன்னிச்சுக்கோங்க.

முதல்ல @சும்மா_ஒருத்தன், யாரையும் நம்பறதில்லன்னு சொல்லிட்டு அடுத்த வரியிலயே "சயின்ஸே ப்ரூவ் பண்ணிடுச்சு"ன்னு யாரோ சொன்னத அப்படியே எடுத்து வச்சிருக்கீங்க பாத்தீங்களா :) நீங்க சொல்றது 2010-ல நைஹன், ரைஃப்லர்னு ரெண்டு பேர் எழுதின ஆய்வு. சில பேர்கிட்ட திருத்தத்தக் காட்டினா தப்பான நம்பிக்கை இன்னும் கூடுதுன்னு அதுல வந்துச்சு, பேப்பர் பேப்பரா பரவுச்சு, நானே ரெண்டு வருஷம் க்ளாஸ்ல சொல்லிருக்கேன். அப்பறம் வுட், போர்ட்டர்னு ரெண்டு பேர் 10,000 பேருக்கு மேல வச்சு 52 விஷயத்துல சோதிச்சுப் பாத்து 2019-ல வெளியிட்டாங்க, அந்த மாதிரி திருப்பி அடிக்கிறது ஏறக்குறைய எங்கயுமே வரல. நைஹனே பின்னாடி அது அரிதுன்னுதான் எழுதினார். ஜனங்க ஆதாரத்தப் பாத்தா கொஞ்சமாவது நகர்றாங்க. கட்சியத்தான் மாத்த மாட்டாங்க, அது வேற கத.

இப்ப @ரெண்டாவது_பெஞ்ச், உங்க ஹார்ட் மேட்டர். நீங்க வீட்டுல தனியா செஞ்சத ஜெஃப்ரி கோஹன்னு ஒருத்தர் ஆய்வாவே செஞ்சு 2003-ல போட்டார். அமெரிக்க காலேஜ் பசங்க, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். ஏழைங்களுக்கான உதவித் திட்டம் ஒண்ணப் படிக்கக் குடுத்தார், ஒண்ணு தாராளமா இருக்கும், இன்னொண்ணு ரொம்ப இறுக்கமா இருக்கும். பேர் எதுவும் இல்லாமக் குடுத்தா அவங்கவங்க கொள்கைக்கு ஏத்தத எடுத்தாங்க. 'இது உங்க கட்சி ஆதரிக்கிற திட்டம்'னு ஒரு வரி சேத்துக் குடுத்தா திட்டத்துல என்ன இருக்குன்னு பாக்காத மாதிரி கட்சி பின்னாடியே போயிட்டாங்க. தாராளமா குடுக்கணும்னு பேசறவங்க இறுக்கமானத ஆதரிக்கிறாங்க, அந்தப் பக்கமும் அதே கதை. இதுல எனக்குப் புடிச்ச இடம் என்னன்னா, ஏன் இத எடுத்தீங்கன்னு கேட்டா திட்டத்தோட விவரத்த வச்சுத்தான் முடிவு பண்ணேன்னு எல்லாரும் சொன்னாங்க. எதிர்ப்பக்கம்தான் கட்சியப் பாத்து முடிவு பண்ணுதாம்.

நீங்க ஒரு படி மேல. உங்க விரல் போறத நீங்களே பாத்துட்டீங்க. நெறய பேருக்கு அது கெடைக்கிறதில்ல, ஏன்னா பேரு முதல்லயே கண்ணுல பட்டுடுது.

சரி என்ன பண்றது. நடுநிலையா இருங்கன்னு சொன்னா வேல செய்யாது, அதையும் பாத்திருக்காங்க. லார்ட், ராஸ், லெப்பர்னு மூணு பேர் 1979-ல மரண தண்டனைய ஆதரிக்கிறவங்க, எதிர்க்கிறவங்கன்னு 48 ஸ்டூடன்ட்ஸ எடுத்து, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா ரெண்டு ஆய்வப் படிக்கக் குடுத்தாங்க. படிச்சு முடிச்சப்ப ரெண்டு கோஷ்டியும் முன்னவிட அழுத்தமா அவங்கவங்க பக்கம் நின்னாங்க. தனக்கு ஒத்துவர்ற ஆய்வு நல்ல ஆய்வு, ஒத்துவராததுல ஆயிரம் குறை. 1984-ல லார்ட் கூட்டணி திரும்பவும் செஞ்சாங்க, இந்தத் தடவ சில பேர்கிட்ட ஒரு ஜட்ஜ் மாதிரி பாரபட்சம் இல்லாம படிங்கன்னு சொன்னாங்க. ஒண்ணும் மாறல, நாங்க அப்படித்தான் படிச்சோம்னு நம்பிட்டே சாய்ஞ்சாங்க. வேற சில பேர்கிட்ட, ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி, 'இதே ஆய்வு, இதே முறை, ஆனா ரிசல்ட் எனக்கு எதிரா வந்திருந்தா இந்த இடத்த இப்படித்தான் எடை போட்டிருப்பேனா'ன்னு கேட்டுக்கச் சொன்னாங்க. அவங்ககிட்ட அந்தச் சாய்வு போயிடுச்சு.

அதனால என் பதில் ரொம்பச் சின்னது. அந்தக் கட்டுரைய திரும்ப எடுங்க, எழுதினவர் பேர மறைச்சு உங்களுக்கு ரொம்பப் புடிச்சவர் பேர அங்க மனசுல வச்சுப் படிங்க. அப்பறம் ஒரு நாள் விட்டு, இதே ஆதாரத்த வச்சு 'போன் இருக்கலாம்'னு ஒருத்தர் எழுதியிருந்தா விடுவேனான்னு கேட்டுப் படிங்க. கையில பென்சில் வச்சுக்கிட்டு, எங்கெல்லாம் எடை மாறுதுன்னு குறிங்க. வெறும்ன நெனச்சுப் பாக்காதீங்க, மண்டைக்குள்ள நாம எல்லாருமே யோக்கியங்கதான்.

---

யூ_டர்ன்_கேஸ்:

@சும்மா_ஒருத்தன் சொன்ன ரூட்டுல போனவன் நான். ஒரு இயக்கத்துல எட்டு வருஷம் இருந்தேன், போஸ்டர் ஒட்டினேன், உண்டியல் குலுக்கினேன், எல்லாம். ஒரு பிரச்சனைல எங்க ஆளுங்க பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சு கேள்வி கேட்டேன், ஒரே ராத்திரில துரோகி ஆயிட்டேன், வெளிய வந்துட்டேன்.

வந்ததும் எப்படி இருந்துச்சுன்னா, கண்ணு தெறந்த மாதிரி. இனிமே நான் சுதந்திரமானவன், எவன் சொல்றதையும் கேக்க மாட்டேன்னு ஒரு கெத்து. ஆனா தெனமும் காலைல முதல் வேலையா பழைய ஆளுங்க பக்கத்தத் தெறந்து இன்னிக்கு என்ன சொல்றாங்கன்னு பாப்பேன். அவங்க மழைன்னா நான் வெயிலு. ஒரு நாள் அவங்க ஒரு தடுப்பூசி முகாமப் பத்தி எல்லாரும் போங்கன்னு போட்டிருந்தாங்க, நான் அதுக்கு எதிரா நாலு பாரா டைப் பண்ணிட்டு போஸ்ட் பண்ணப் போறேன், அப்பத்தான் உறைச்சுது, நேத்துதான் என் பொண்ணுக்கு நானே கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வந்திருக்கேன். அந்த நாலு பாராவும் ட்ராஃப்ட்ல இன்னும் இருக்கு, அழிக்கல, வேணும்னே வச்சிருக்கேன்.

கயிறு அதேதான் ப்ரோ, முன்னாடி முன்னால இழுத்துச்சு, இப்ப பின்னால இழுக்குது. எதிர்க்கிறதும் கூட்டத்தப் பாத்து முடிவு பண்றதுதான். எதிர்ப்பு பேசறவனுக்கு மூளை இருக்கிற மாதிரி ஒரு தோற்றம் வருது பாருங்க, அதுல மயங்கி ரெண்டு வருஷம் போச்சு எனக்கு.

---

சும்மா_ஒருத்தன்:

ஓகே ஓகே, அந்த 2010 மேட்டர் நான் ஒரு வீடியோல பாத்தது. ஒத்துக்கிறேன். ஆனா நியூஸ் பாக்காம இருக்கிறது நிம்மதிங்கிறத வாபஸ் வாங்க மாட்டேன்.

---

லிஃப்ட்_மெக்கானிக்:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடறேன். ஆளப் பாத்து நம்பறது அவ்ளோ பெரிய தப்பா? உண்மையிலேயே கேக்கறேன்.

நீங்க லிஃப்ட்ல ஏறும்போது கயிறு எத்தன கிலோ தாங்கும்னு கணக்குப் போட்டுப் பாத்தா ஏறுறீங்க? நான் தெனமும் அந்தக் கயித்தப் பாக்கறவன், நீங்க என்ன நம்பி ஏறுறீங்க. டாக்டர் குடுக்கிற மாத்திரைல என்ன இருக்குன்னு எத்தன பேர் பாக்கறோம். எல்லாத்தையும் சொந்தமா யோசிச்சுத்தான் முடிவு பண்ணுவேன்னு ஒருத்தன் கெளம்பினா, அவன் கடைசில வீடியோ பாத்துட்டு தனக்குத்தானே வைத்தியம் பண்ணிக்கிற கேஸாத்தான் முடியும், எங்க சொந்தத்துலயே ஒருத்தர் இருக்கார். ஒருத்தர் பத்து தடவ பொய் சொல்லியிருந்தா பதினோராவது தடவ சந்தேகப்படறது புத்திசாலித்தனம்தான? உங்க க்ரூப் அந்தாள அஞ்சு வருஷமா திட்டுதுன்னா அதுக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும்ல. ஹார்ட்ட எடுத்ததுல ஒரு நியாயமும் இருக்கலாம்.

---

பழைய_லேப்கோட்:

@லிஃப்ட்_மெக்கானிக் நல்ல கேள்வி, என் க்ளாஸ்ல இத யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க.

நீங்க சொல்றது சரி, யாரையும் நம்பாம ஒரு நாள் கூட ஓட்ட முடியாது. ஆனா 'இவருக்கு இந்த விஷயம் தெரியுமா'ங்கிறது ஒரு கேள்வி, 'இவர் நம்ம ஆளா'ங்கிறது இன்னொரு கேள்வி. ரெண்டாவது கேள்விக்குக் கெடச்ச பதில எடுத்து முதல் கேள்விக்கு எழுதிடறோம், பிரச்சனை அங்கதான். உங்கள நம்பி லிஃப்ட்ல ஏறுறவங்க நீங்க எந்தக் கட்சின்னு கேக்கறதில்ல. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஏறாமப் போனா அது கிறுக்குத்தனம்னு உடனே தெரியும். பள்ளிக்கூடத்துல போன் வேணுமா வேணாமாங்கிறதுல மட்டும் அது ஏன் தெரிய மாட்டேங்குதுன்னா, அங்க கயிறு அறுந்து யாரும் உடனே கீழ விழறதில்ல. தப்பா நம்பினா நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல, க்ரூப்போட ஒத்துப் போகலன்னாத்தான் நஷ்டம்.

அந்தாளு பத்து தடவ பொய் சொன்னாரா இல்லையாங்கிறத ஓ.பி.தான் (முதல் போஸ்ட் போட்டவர்) சொல்லணும். பத்தையும் சொல்லச் சொன்னா எத்தன ஞாபகம் வருதுன்னு பாருங்களேன்.

---

ரெண்டாவது_பெஞ்ச்:

முயற்சி பண்ணேன். மூணு ஞாபகம் வந்துச்சு. அதுல ஒண்ணு தேடிப் பாத்தா அவர் சொல்லவே இல்ல, யாரோ அவர் படத்தப் போட்டு செஞ்ச மீம். அத நானே ஃபார்வர்ட் பண்ணிருக்கேன், க்ரூப்புல தேதியோட இருக்கு. மிச்சம் ரெண்டும் நெஜமாவே அவர் பண்ண தில்லாலங்கடிதான், அதுல மாத்திக்க ஒண்ணுமில்ல.

---

மௌன_அலை:

இங்க நெறய பேர் அடையாளத்த ஏதோ கழட்டி மாட்டற சட்ட மாதிரி பேசறீங்க, அதான் எழுத வந்தேன்.

எனக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. அத நான் போய் சேந்துக்கிட்ட க்ரூப்னு சொல்ல முடியாது. பத்தொம்பது வயசு வரைக்கும் வெறும் உதட்டப் பாத்துப் பாத்தே ஓட்டினேன், அப்பறம் சைகை மொழி கத்துக்கிட்டு எங்க ஆளுங்களோட சேந்ததும்தான் ஒரு ஜோக்குக்கு மத்தவங்களோட சேந்து அதே நேரத்துல சிரிச்சேன். முன்னாடியெல்லாம் எல்லாரும் சிரிச்சு முடிச்சப்பறம் நான் சிரிப்பேன். 'கூட்டத்த விட்டு வெளிய வா, தனியா யோசி'ன்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பு வராது, நான் தனியா இருந்து பாத்தவ.

ஆனா ஓ.பி. கேக்கறது எனக்கும் நடந்திருக்கு. காக்ளியர் இம்ப்ளான்ட்னு ஒரு கருவி, ஆபரேஷன் பண்ணி உள்ள வைப்பாங்க. அது வச்சா மறுநாளே எல்லாம் கேட்டுடும்னு வெளிய இருக்கிறவங்க நெனக்கிறாங்க, அப்படி இல்ல, வர்ற சத்தத்த மூளை புரிஞ்சுக்க மாசக்கணக்குல பழகணும், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி பலன். எங்க ஆளுங்கள்ல நெறய பேருக்கு அது மேல கோவம், எங்கள ரிப்பேர் பண்ண வேண்டிய மெஷின் மாதிரி பாக்கறாங்கன்னு. அந்தக் கோவம் எனக்கும் உண்டு, அது நான் வாழ்ந்து சம்பாதிச்ச கோவம். இன்னொரு பக்கம் குடும்பம், டாக்டர், அக்கம்பக்கம் எல்லாரும் 'ஏன் இன்னும் வைக்கல'ன்னு அரிச்சிட்டே இருப்பாங்க. ரெண்டு பக்கமும் எனக்காக யோசிச்சு முடிச்சிட்டாங்க, நான்தான் பாக்கி.

அப்ப நான் ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டு எழுதினேன். இந்தப் பக்கம், நானே பாத்தது, எனக்கே நடந்தது. அந்தப் பக்கம், நாங்க எல்லாரும் சொல்றதால நானும் சொல்றது. எழுத எழுதத்தான் தெரிஞ்சுது. 'இம்ப்ளான்ட் வச்சவங்க சைகை மொழிய விட்டுட்டுப் போயிடுவாங்க'ன்னு நான் ஒரு நூறு தடவ சொல்லிருப்பேன், அது எந்தப் பக்கம் வருதுன்னு யோசிச்சா, எனக்கு நேர்ல தெரிஞ்ச மூணு பேர் அத வச்சிருக்காங்க, மூணு பேரும் தெனமும் என்கூட சைகைலதான் பேசறாங்க. கையால பேசிட்டே கையால எதிர்த்துக்கிட்டு இருந்திருக்கேன். ஆனா 'சின்னப் புள்ளைக்கு சைகை மொழியக் காட்டாம ஒளிச்சு வைக்காதீங்க'ங்கிறது முழுசா முதல் பக்கம் வந்துச்சு, அத எவன் வந்து என்ன ஆராய்ச்சி சொன்னாலும் பத்தொம்பது வருஷம் வாழ்ந்தவ நான், எங்கிட்ட வந்துட்டுப் போகட்டும்.

என்ன சொல்ல வர்றேன்னா, நாம யாருங்கிறதுல மத்தவங்களுக்குக் கெடைக்காத தகவல் இருக்கு, அத தூக்கிப் போட்டா நஷ்டம். அதோட சேத்து ஒரு மூட்டை முடிவுகளும் தலைல ஏத்தி விட்டுடறாங்க, பிரிச்சுப் பாக்கறதுதான் வேல. நான் இம்ப்ளான்ட் வச்சேனா இல்லையான்னு கேக்காதீங்க, அது உங்களுக்கு எதுக்கு.

---

யூ_டர்ன்_கேஸ்:

அக்கா, "கையால பேசிட்டே கையால எதிர்த்துக்கிட்டு". இத ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கிறேன்.

---

கேள்விக்குறி_47:

எல்லாம் சரி, உள்ளுக்குள்ள யோசிச்சுட்டோம், க்ரூப்புல எப்படி சொல்றது? அதப் பத்தி யாருமே பேசல. எனக்கு யோசிக்கிறதுல பிரச்சனை இல்ல, வாயத் தெறக்கறதுலதான். ஆபீஸ் மீட்டிங்ல சீனியர் ஒண்ணு சொல்லுவார், தப்புன்னு தெரியும், பக்கத்துல எல்லாரும் தலையாட்டுவாங்க, எனக்கே சந்தேகம் வந்துடும், நாமதான் எதையோ கவனிக்கலையோன்னு. வெளிய வந்து பாத்தா பாதிப் பேர் அதேதான் நெனச்சிருப்பாங்க. இத நெனச்சு நெனச்சு நான் ஒரு முதுகெலும்பில்லாதவன்னே முடிவு பண்ணிட்டேன்.

---

பழைய_லேப்கோட்:

@கேள்விக்குறி_47 உங்க முதுகெலும்பு பத்திரமா இருக்கு. சாலமன் ஆஷ் பரிசோதனை கேள்விப்பட்டிருப்பீங்க, 1950 வாக்குல செஞ்சது. ஒரு கோடு, பக்கத்துல மூணு கோடு, எது சமம்னு சத்தமா சொல்லணும். ரூம்ல ஒருத்தர் தவிர மத்த எல்லாரும் ஏற்கனவே பேசி வச்ச ஆளுங்க, 18 சுத்துல 12-ல வேணும்னே ஒண்ணா தப்பாச் சொல்வாங்க. நாலுல மூணு பேர் ஒரு தடவயாவது கூட்டத்தோட சேந்து தப்பாச் சொல்லிட்டாங்க. மனுஷன் ஆட்டு மந்தைன்னு சொல்றதுக்கு இத எடுத்துப் போடுவாங்க. ஆனா அந்த 12 சுத்துல வந்த மொத்த பதிலயும் எண்ணிப் பாத்தா கூட்டத்தோட போனது மூணுல ஒரு பங்குதான், மிச்சம் ரெண்டு பங்கு தன் கண்ணத்தான் நம்பினாங்க. நாலுல ஒருத்தர் ஒரு தடவ கூட அசையல.

உங்களுக்கு உதவறது இனிமேதான். அந்தக் கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியான பதிலச் சொல்ற மாதிரி வச்சப்ப, கூட்டத்தோட போறது ஏறக்குறைய கால்வாசியாக் கொறைஞ்சு போச்சு. பத்து பேர் வேணாம், ஒருத்தர் போதும். அப்பறம் பதிலச் சத்தமாச் சொல்லாம பேப்பர்ல எழுதச் சொன்னப்பவும் ரொம்பக் கொறைஞ்சுது.

அதனால மீட்டிங்குக்கு முன்னாடியே, சீனியர் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே, உங்க கருத்த ரெண்டு வரி எழுதி வச்சுக்கோங்க. அப்ப தலையாட்டினா கூட எதுக்கு எதிரா ஆட்டறோம்னு தெரியும். அந்தப் பாதிப் பேர்ல ஒருத்தர முன்னாடியே புடிச்சு வையுங்க. சத்தமா சண்டை போடணும்னு அவசியமில்ல, "எனக்கு இந்த இடம் புரியல, இன்னொரு தடவ சொல்லுங்களேன்"னு கேட்டாலே இன்னும் ரெண்டு பேருக்குத் தைரியம் வரும்.

---

லிஃப்ட்_மெக்கானிக்:

அந்த ஆப் மேட்டரையும் யாராவது சொல்லணும்ல. இப்பல்லாம் க்ரூப்பே தேவையில்ல, நாம எதுல ரெண்டு செகண்ட் அதிகம் நின்னோம்னு பாத்து ஆப்பே ஒரு க்ரூப்ப செஞ்சு உள்ள உக்கார வச்சிடுது. நான் ஒரு சண்டை வீடியோவ 'என்னடா இது'ன்னு பாத்தேன், அடுத்த ஒரு மாசம் நான் அந்தச் சண்டைல ஒரு பக்கத்து ஆளு. எனக்கு அதுக்கு முன்னாடி அப்படி ஒரு சண்டை இருக்கிறதே தெரியாது. ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்பக் கேட்டா உண்மை மாதிரி தோணும்னு எங்கயோ படிச்சேன், லேப்கோட் மேடம் கன்ஃபர்ம் பண்ணவும்.

---

பழைய_லேப்கோட்:

கன்ஃபர்ம்டு. 1977-லேர்ந்தே அது இருக்கு, பலர் பல தடவ செஞ்சு பாத்து நிக்கிற ரிசல்ட். பதில் தெரிஞ்ச விஷயத்துல கூட நடக்குது, அதான் கொடும. (பேப்பர் கட்டு திருத்தாம இங்க உக்காந்திருக்கேன், கெளம்பறேன்.)

---

ரெண்டாவது_பெஞ்ச்:

அப்டேட். பென்சில் எடுத்துக்கிட்டு உக்காந்தேன். ப்ரிண்ட் போட்டு, பேர் இருந்த இடத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு எழுத்தாளர் பேர என் கையாலயே எழுதிட்டுப் படிச்சேன். அந்த 'ஒழுங்கு'ங்கிற வார்த்தை இந்தத் தடவ அக்கறை மாதிரி இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, குறிச்சேன்.

மறுநாள் தலைகீழா படிச்சேன், இதே ஆதாரத்த வச்சு போன் இருக்கலாம்னு ஒருத்தர் எழுதினா விடுவேனான்னு. அப்பத்தான் நாலாவது பாரால மாட்டினேன். ஒரு ஸ்கூல்ல போன வாங்கி வச்சப்பறம் அடுத்த வருஷம் மார்க் ஏறுச்சுன்னு எழுதிருக்கார். முதல் தடவ இந்த பாரா முடிச்சதும்தான் ஹார்ட் போட்டேன்! அதே வருஷம் போன வாங்காத ஸ்கூல்ல மார்க் ஏறுச்சா இல்லையா, பேப்பர் ஈஸியா வந்துச்சா, டீச்சர் மாறினாரா, ஒண்ணுமே இல்ல. எதிர்ப்பக்கம் ஒருத்தர் 'போன் குடுத்தோம், மார்க் ஏறுச்சு'ன்னு எழுதிருந்தா நான் இத ஒரே நிமிஷத்துல கேட்டிருப்பேன். பேர் தெரிஞ்சு கோவமா படிச்சப்ப கூட இது கண்ணுல படல பாருங்க, அப்ப நான் வார்த்தையத்தான் புடிச்சு தொங்கிட்டு இருந்தேன். ஆக ஹார்ட் போட்டப்பவும் ஒழுங்காப் படிக்கல, எடுத்தப்பவும் ஒழுங்காப் படிக்கல.

க்ளாஸ்ல கவனம் செதறுதுன்னு அவர் சொல்ற பகுதி எனக்கு இன்னும் சரின்னுதான் படுது. மார்க் பகுதி சரியில்ல. இத ரெண்டையும் அப்படியே அந்த போஸ்ட் கீழ கமெண்டா போட்டேன், ஹார்ட்டையும் திரும்பப் போட்டேன்.

இருபது நிமிஷம் கூட ஆகல, க்ரூப்புல ஒருத்தன் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு "என்ன மச்சி, கட்சி மாறிட்டியா"ன்னு கேட்டிருக்கான், கீழ ஏழு பேர் சிரிப்பு எமோஜி. வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு, உண்மையச் சொல்றேன். கமெண்ட்ட அழிச்சிடலாமான்னு விரல் போச்சு.

அதுக்குள்ள எட்டாவது ஆளு, ரொம்ப அமைதியான பையன், ஆஸ்பத்திரில ராத்திரி ட்யூட்டி பாத்தவன், தனியா மெசேஜ் பண்ணான். "அந்த மார்க் கணக்கு எனக்கும் இடிச்சுது, ஆனா மத்தது சரிதானடா"ன்னு. க்ரூப்புல சொல்லுடான்னேன். டைப்பிங்னு காட்டிட்டே இருக்கு, இன்னும் வரல.

---

கேள்விக்குறி_47:

வந்துச்சா?

---

ரெண்டாவது_பெஞ்ச்:

வந்துச்சு. "எனக்கும் சரின்னுதான் படுது"ன்னு மட்டும். மூணு வார்த்தை. இப்ப க்ரூப்புல ஒரே அடிதடி, ஆனா முதல் தடவயா கட்டுரைல என்ன எழுதிருக்குன்னு அடிச்சுக்கிறானுங்க. சாயங்காலம் வர்றேன்.